சூப்பானை மறக்கடித்த விதம்

தென்காசி
தாது வருஷம், ஆனி

சௌபாக்கியவதி தங்கத்தாய்க்கு உலகம்மாள் எழுதுவது. நீயும் புதிதாக வந்திருக்கும் பெண்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்க அம்மன் துணை. இங்கே அவர் சுகம், பால்வண்ணம் சுகம், சினைப்பசு சுகம். புழக்கடை முருங்கை மட்டும் போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது.

முதலில் தம்பி முத்துக்குமாரசாமிக்கு ஒரு வார்த்தை. உன் தங்கைக்கு எழுத்து வராது. ஆகையால் அவள் சக்களத்தி எழுதும் காகிதத்தை நீதான் வாசித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. பூசி மெழுகி வாசிக்காதே. போன தடவை நான் எழுதியதில் பாதியை நீ விழுங்கிவிட்டாய் என்று எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் தங்கத்தாயிடமிருந்து அவ்வளவு சாந்தமாகப் பதில் வந்திருக்காது. எழுதியபடி வாசி, தம்பி. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், அவளுக்கும் ஏன் சிரித்தாய் என்று சொல்.

இனி உனக்கு, தங்கத்தாய். பால்வண்ணத்தைக் கொல்லத்துக்கு அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறாய். பெற்றவள் கேட்கிறாய், மாட்டேன் என்று சொல்ல நான் யார். மாசியில் நீ பிரசவத்துக்குப் போனபோது அவனுக்குக் கக்குவான் இருமல், ரயில் புகை ஆகாது என்றார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இருமல் போய் வெகு நாளாகிறது. ஆனால் நீ ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறாய். சின்னது பால் குடிப்பதை இவன் பார்த்தால் தானும் முலைக்கு வருவான், வாயில் சூப்பானோடு வந்தால் அந்த நினைப்பு போகவே போகாது, அதனால் சூப்பானை மறக்கடித்துவிட்டு அவரிடம் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள் என்று. சொல்வது சுலபம்தான். பக்கத்தில் படுப்பவள் நான் அல்லவா.

அந்த ரப்பர் சூப்பானை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் நீ பாலை நிறுத்தினாய். அவன் அழுதான். உடனே உன் அண்ணன் கொல்லத்துக் கடைத்தெருவில் அதை வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். துரைமார் வீட்டுப் பிள்ளைகள் சூப்புவது என்று பெருமை வேறு. அம்பாசமுத்திரத்துக் கடைசல் சூப்பான் வாங்கிக் கொடுக்கலாம், மரம் என்றால் தானாகச் சலித்துப்போகும் என்று நான் சொன்னேன். என் பேச்சை அன்று யார் காதில் வாங்கினீர்கள்? இப்போது அவனுக்குப் பல் வரிசை முன்னால் தள்ளுகிறது. பார்க்கிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள், உன்னையில்லை.

பகலில் அவனுக்கு அந்த நினைப்பே கிடையாது. கோழி துரத்துவான், பசுவின் வாலைப் பிடிப்பான். விளக்கு வைத்ததும் கண் சொருகும். அப்போதுதான் அது வேண்டும். நான் மடியில் போட்டு, காலை ஆட்டி, தெரிந்த பாட்டெல்லாம் பாடி முடித்திருப்பேன். தூங்கமாட்டான். சூப்பானை வாயில் வைத்த மறுநிமிஷம் தூக்கம். மடி என்னுடையது, வாயில் இருப்பது நீ வைத்தது. எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஊரில் எல்லாரும் பிள்ளைகளைத் தங்கம் என்றுதான் கொஞ்சுகிறார்கள். நானும் அண்டைவீட்டுப் பிள்ளைகளை அப்படித்தான் கொஞ்சிக்கொண்டிருந்தேன். நீ இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை. அவர் உன்னை உள்ளேயிருந்து அப்படித்தானே கூப்பிடுவார். அதனால் நான் பால்வண்ணத்தை ராசா என்கிறேன், கண்ணு என்கிறேன். தங்கம் என்று மட்டும் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவன் பாதித் தூக்கத்தில் "ம்மை" என்றான். பெரியம்மை என்பதில் முன்பாதியை விழுங்கிவிட்டான், என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் பக்கத்து வீட்டு ஹாஜரா பீவியிடம் சொல்லி, அவள் பிள்ளைகளுக்கெல்லாம் கருப்பட்டிப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் மறுபடி "ம்மை" என்றான். என்ன ராசா என்று குனிந்தேன். என்னைத் தள்ளிவிட்டுத் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் தேடினான். சூப்பான் கிடைத்ததும் வாயில் வைத்துக்கொண்டு, "ம்மை" என்று சொல்லிக் கண்ணை மூடினான்.

நீ ரயிலேறிய அன்று அழுதவன் கையில் அதைக் கொடுத்து, "இந்தா ம்மை, அம்மையை வச்சுக்கோ" என்று சொன்னாயே, அது உனக்கு ஞாபகமிருக்கிறதா? அவன் அதை மறக்கவில்லை. அவனுக்கு அந்த ரப்பருக்கே அதுதான் பேர். பணியாரம் சுட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் நீ சொல்லாவிட்டாலும் அதை மறக்கடிக்க நான் முடிவுசெய்துவிட்டேன். வேப்பெண்ணெய் தடவினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் சூப்பினான், இரண்டாம் நாள் சுளிக்கவும் இல்லை. பரணில் ஒளித்துவைத்தேன். வீடு இரண்டுபட அழுததில் அவரே ஏணி போட்டு எடுத்துக்கொடுத்துவிட்டார். பூனை கொண்டுபோய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன். பாவம், அந்தப் பூனையை அவன் கண்ட இடமெல்லாம் அடிக்கிறான். துணியில் கற்கண்டு முடிந்து கொடுத்தேன். கற்கண்டைத் தின்றுவிட்டுச் சூப்பான் கேட்டான். ஆனாலும் நான் விடப்போவதில்லை. ஆவணிக்குள் மறக்கடித்து அனுப்பி வைக்கிறேன். ஐப்பசிக்குள் நீயும் இரண்டு பிள்ளைகளோடு வீடு வந்து சேர்.

பேறுகாலத்து உடம்பு, பத்தியம் தவறாதே. தீர்க்க சுமங்கலியாக இரு. அதில் எனக்கும் பாதிப் பங்கு இருப்பதால் மனதாரத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உலகம்மாள்

*

தென்காசி
தாது வருஷம், ஆடி

சௌபாக்கியவதி தங்கத்தாய்க்கு உலகம்மாள் எழுதுவது. பிள்ளைக்கு முப்பிடாதி என்று பேர் வைத்ததாக அறிந்தேன். நல்ல பேர். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இங்கே சாரல் நன்றாகக் கட்டியிருக்கிறது. அவர் பேர் கொண்ட ஊரில் பேரருவி இரைச்சல் இலஞ்சி வரை கேட்கிறதாம். அந்த ஊர்ப் பேரை நான் எழுதமாட்டேன், நீயும் சொல்லமாட்டாய். புருஷன் பேரைச் சொல்லாதவர்களுக்கு அந்தப் பேரில் மூன்று மைலில் ஒரு ஊரும் இருந்துவிட்டால் கஷ்டம்தான். நம் தெருவில் அதை அருவிக்கரை என்று சொல்லுகிற பெண்பிள்ளைகள் நாம் இரண்டு பேர்தான். ஒரே பேரை இரண்டு பேர் சொல்லாமல் இருக்கிறோமே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சூப்பான் போய்விட்டது. போன விதத்தைச் சொல்கிறேன்.

நான் பட்ட பாட்டைப் பார்த்து ஹாஜரா பீவி ஒரு யோசனை சொன்னாள். அவளுடைய மகள் ஆசியா சின்ன வயசில் விரல் சூப்புவதைவிட மோசமாக ஒரு மரச்சொப்பைக் கடித்துக்கொண்டே அலைந்தாளாம். என்ன செய்தும் விடவில்லை. கடைசியில் ஆட்டுக்குட்டிக்குக் கொடு என்று சொன்னதும் தானே போய்க் கொடுத்துவிட்டாளாம். "பிடுங்குனா அழத்தான் செய்யும் அக்கா. அதுவா ஒருத்தருக்குக் குடுத்துட்டா அழாது" என்றாள். எனக்கு அது சரியென்று பட்டது.

வண்டி கட்டிக்கொண்டு அருவிக்கரைக்குப் போனோம். அவர், நான், பால்வண்ணம். சிற்றருவியில் அவனைக் குளிப்பாட்டினேன். முதலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினான், பிறகு இறங்கமாட்டேன் என்று கத்தினான். தலை துவட்டி, மங்குஸ்தான் உரித்துக் கொடுத்தேன். கோயிலுக்குப் போகிற வழியில் மரத்தடியில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஒரு தாய்க்குரங்கு வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பார் ராசா, அந்தக் குட்டிக்குச் சூப்பானே இல்லை, எவ்வளவு ஆசையாக உன்னையே பார்க்கிறது என்றேன். அவன் குட்டியைப் பார்த்தான், கையிலிருந்த சூப்பானைப் பார்த்தான். கொடுப்போமா என்றேன். கொடுக்கமாட்டான் என்றுதான் நினைத்தேன், தங்கத்தாய். பாதி மங்குஸ்தானையும் சூப்பானையும் சேர்த்து நீட்டினான். தாய்க்குரங்கு ஒரே பிடுங்காகப் பிடுங்கிக்கொண்டு கிளைக்குப் போய்விட்டது. பழத்தைத் தான் தின்றது. சூப்பானைக் குட்டி வாங்கி, மோந்து பார்த்து, கடித்தது. பால்வண்ணம் கை தட்டிச் சிரித்தான். அவர் என் பக்கம் திரும்பி, கெட்டிக்காரிதான் ஏட்டி என்றார். அவர் என்னை அப்படிச் சொல்லி எவ்வளவு காலமாகிறது என்று உனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

விளக்கு வைத்ததும் "ம்மை" என்றான். குரங்குக் குட்டியிடம் இருக்கிறது, நீதானே கொடுத்தாய் என்றேன். தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு அழுதான். முன்பெல்லாம் கேட்டு அழுவான், இது கேட்காமல் அழுத அழுகை. அதைப் பார்க்கமுடியாமல் நானும் அழுதேன். உனக்காக அழுகிறான் என்பதால் அழுதேனோ, அவன் அழுகிறானே என்று அழுதேனோ, இரண்டும்தான். அழுதுகொண்டே என் முகத்தைத் தடவினான். கை காதுக்கு வந்தது.

என் காது உனக்குத் தெரியும். பாம்படம் போட்டு வளர்த்த காது, படுக்கும்போது கழற்றி வைத்துவிடுவேன். அந்தத் துளைக்குள் இரண்டு விரலை விட்டுக்கொண்டான். அப்படியே விரலை வளைத்துப் பிடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பித் தூங்கிவிட்டான். அதிலிருந்து தினமும் அப்படித்தான். படுத்ததும் கை காதுக்குப் போகும். "ம்மை" என்பான். அது உன்னையா, சூப்பானையா, என்னையா என்று நான் கேட்கவில்லை. என்னை என்று வைத்துக்கொண்டேன்.

உனக்குக் கம்மல் போட்ட சின்னக் காது. கல்யாணத்தன்று மாலையோடு நீ உட்கார்ந்திருந்தபோது அவர் உன் காதைத்தான் பார்த்தார், பக்கத்தில் நின்ற நான் அவரைப் பார்த்தேன். உன்னைப் பெண் கேட்டு வந்து பூ வைத்தவள் நான்தான், இருந்தாலும் அது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கப்புறம் என் காதையும் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டே இருந்தார், இப்போதெல்லாம் யார் காது வளர்க்கிறார்கள் என்று. நானும் அரைமனதாகச் சரியென்று சொல்லியிருந்தேன். இப்போது தைக்கமாட்டேன். உன் காதில் ஒரு விரல்கூட நுழையாது, தங்கத்தாய். இதைத் தம்பி இரண்டு தடவை வாசித்துக் காட்டட்டும்.

நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்த வாரத்தில்தான் அவர் அந்தச் செய்தியைச் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார், ஏதோ வாய்க்காலில் தண்ணீர் வந்ததைச் சொல்வதுபோல. உன் அப்பாவுக்கு முன்போல முடியவில்லை, அவருடைய கொப்பரை மண்டியை இனித் தானே நடத்தப்போகிறாராம், உனக்கும் பிள்ளைகளுக்கும் கொல்லத்திலேயே வீடு பார்த்தாகிவிட்டது, நீ ஐப்பசிக்குத் திரும்பப்போவதில்லை என்று. தான் அங்கேயே இருந்துகொண்டு வயல் பார்க்க மட்டும் இங்கே வருவாராம். வயல் பார்க்க என்றுதான் சொன்னார்.

உனக்கு இது முன்பே தெரியும். சூப்பானை மறக்கடித்துவிட்டு அனுப்புங்கள் அக்கா என்று எழுதச் சொன்னபோதே தெரியும். கொஞ்ச நாளைக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படியில்லை என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். தம்பி, நீயாவது எழுதியிருக்கலாம்.

பால்வண்ணத்தை இப்போது அனுப்ப முடியாது. ஆடியில் பிள்ளையை இடம் மாற்றக்கூடாது. அதோடு சூப்பான் போனதே தவிர நினைப்பு போகவில்லை. விளக்கு வைத்ததும் சிணுங்குகிறான். நீ கைப்பிள்ளையோடு இருக்கிறாய், பாதி மறந்தவனை அனுப்பினால் உனக்குத்தான் கஷ்டம். முழுக்க மறக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

முப்பிடாதிக்கு வசம்பு சுட்டு நாக்கில் தடவு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேறு எழுத எனக்கு மனமில்லை.

இப்படிக்கு,
உலகம்மாள்

*

தென்காசி
தாது வருஷம், ஆவணி

தங்கத்தாய்க்கு உலகம்மாள் எழுதுவது. இந்தக் காகிதத்தைத் தபாலில் போடவில்லை. அவர் சட்டைப் பையில் வருகிறது. கூடவே பால்வண்ணமும் வருகிறான். ஆகையால் நீ இதை வாசிக்கக் கேட்கும்போது அவன் உன் முன்னால் நின்றுகொண்டிருப்பான். முதலில் அவனைத் தூக்கிக்கொள், காகிதம் எங்கேயும் ஓடிவிடாது.

ஆடியில் நான் எழுதியதில் ஒன்று பொய். அவன் சிணுங்கவேயில்லை. சூப்பானை அதற்குள் நன்றாக மறந்துவிட்டிருந்தான். அவரிடமும் அந்தப் பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மச்சில் படுப்பவர், கீழே நடப்பது தெரியாது. ஆவணி பிறந்ததும் கேட்டார். இன்னும் மறக்கவில்லை, சூப்பான் கேட்டு அழுகிறான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சாயங்காலம் நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பால்வண்ணத்தை ஹாஜரா பீவியிடம் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். ஏசுவடியான் ஷாப்புக் கடையில் சீமைச் சாமான்கள் எல்லாம் வந்திருக்கின்றன. ரப்பர் சூப்பானும் இருந்தது, உன் அண்ணன் வாங்கிவந்த மாதிரியே, சிவப்பு வளையம் போட்டது. அதை ஒழிப்பதற்கு அந்தப் பாடு பட்டவள் நானே போய்க் கேட்டு வாங்கினேன். வீட்டில் சின்னப் பிள்ளையா என்று ஏசுவடியான் கேட்டார். ஆமாம் என்றேன்.

வெந்நீரில் கழுவி வைத்துக்கொண்டேன். விளக்கு வைத்ததும் அவனைப் படுக்கவைத்து, பாம்படத்தைக் கழற்றாமலே பக்கத்தில் படுத்தேன். அப்படியாவது காதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான். இந்தா ராசா, குரங்குக் குட்டி திருப்பிக் கொடுத்துவிட்டது என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். மறுபடி இதைப் பிடித்துக்கொண்டால் நீ ஏற்றுக்கொள்ளமாட்டாய், இன்னும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்னோடு இருப்பான் என்று கணக்குப் போட்டேன். அவன் பல்லைப் பற்றியெல்லாம் அப்போது நான் நினைக்கவில்லை.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அதை என் வாயில் வைத்து அழுத்தினான். "ஒனக்கு" என்றான். நான் அவனைத் தட்டித் தூங்கவைப்பதுபோல என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான். பாம்படத்தை ஒதுக்கிவிட்டு விரலைக் காதுக்குள் விட்டுக்கொண்டு தூங்கிவிட்டான்.

நான் அதை வாயிலிருந்து எடுக்கவும் இல்லை. அசைந்தால் அவன் கை நழுவிவிடும் என்று அப்படியே கிடந்தேன். அவர் வாசல்நிலையில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. என் கோலத்தைப் பார்த்து யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. திட்டியிருந்தாலும் நான் திருப்பித் திட்டியிருப்பேன், திட்டவும் இல்லை. "நாளக்கழிச்சு கொல்லம் வண்டிக்குப் போறோம். பயலுக்குத் துணிமணி எடுத்து வச்சிரு, உலகு" என்று சொல்லிவிட்டு மெதுவாக மாடிப்படி ஏறினார்.

உலகு என்பது அவர் என்னைக் கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பேர். நீ வந்த பிறகு அது கேட்கவில்லை. அன்றைக்கு எதற்காக அப்படிக் கூப்பிட்டார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அவனைப் பற்றிச் சில விஷயங்கள் உனக்குத் தெரியாது. ஏழு மாதமாக நீ பார்க்கவில்லை. முன்பு குழைந்த சோறு தின்பான், இப்போது உதிரியாக இருந்தால்தான் தின்கிறான். தயிர் என்றால் ஓடுவான், மோர் என்றால் குடிப்பான். தலையில் தண்ணீர் ஊற்றும்போது அருவி அருவி என்று சொல்லிக்கொண்டே ஊற்றினால் அழமாட்டான். சின்னதை முதலில் அடிப்பான். அடித்தால் அவனை அடிக்காதே. தங்கச்சிக்கு நீயே கொடு என்று சொல்லி ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிடு, அவன் கொடுத்துப் பழகினவன். செங்கோட்டை தாண்டி வண்டி குகைக்குள் நுழையும்போது பயப்படுவானோ என்றுதான் எனக்குக் கவலை. இருட்டில் கை காதுக்குத்தான் போகும். அவர் காதில் கடுக்கன்தான் இருக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாய், பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று. நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வரமாட்டேன். நான் அங்கே இருந்தால் அவன் உன்னிடம் தூங்கமாட்டான். ஒருவேளை தூங்கிவிட்டானென்றால், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கு உன்மேல் பொறாமை, தங்கத்தாய். அவர் உன்னிடம் வந்தபோதுகூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. தம்பி, இதையும் எழுதியபடியே வாசி.

இன்று சாயங்காலம் அவன் உன் பக்கத்தில் படுப்பான். கண் சொருகியதும் கையை நீட்டி உன் காதைத் தேடுவான். உன் காது சின்னக் காது என்று போன காகிதத்தில் நான் குதித்தேன். இப்போது எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. விரல் நுழையாது, அழுவான். கொஞ்சம் பொறு. கையைத் தட்டிவிடாதே. காது மடலையாவது பிடித்துக்கொள்ளட்டும். பெரியம்மை எங்கே என்று கேட்பான்.

சூப்பானை எப்படியெல்லாம் மறக்கடித்தேன் என்று உனக்கு ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். கசப்பு தடவினேன், ஒளித்துவைத்தேன், பூனை கொண்டுபோய்விட்டது என்றேன், குரங்குக்குக் கொடுக்கவைத்தேன். அதில் ஒன்றையும் எனக்குச் செய்யாதே. பெரியம்மை தென்காசியில் இருக்கிறாள் என்று மட்டும் சொல். சின்னப் பிள்ளைதானே, கொஞ்ச நாளில் தானாக மறந்துவிடுவான்.

இரண்டு பிள்ளைகளும் நீண்ட ஆயுளோடு உன் மடி நிறைய இருக்கட்டும்.

உன் அக்கா,
உலகம்மாள்